தீவாந்தரம் போனவர்கள்

இம்மாதம் இப்பக்கத்தில் வேறொரு பொருளைப் பற்றி எழுத எண்ணியிருந்தோம். வாசகச் சகோதரி ஒருவரின் மடல் நம் எண்ணத்தை மாற்றிவிட்டது. தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென அவரே கேட்டுக்கொண்டுள்ளார். அவருடைய தம்பி, ஆத்திரத்தில் இழைத்த ஒரு குற்றத்திற்காக ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, அடுத்த திங்களில் வெளிவருகிறார். வீட்டிலோ மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “தாய்மாமன் சிறைக்குப் போனவன் என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும். ஆகையால் அவன் ஊருக்கே வர வேண்டாம், வடக்கே எங்காவது வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று என் கணவர் கூறுகிறார். அம்மாவோ அழுதுகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் செய்யப்போவது பாவமா?” என்று கேட்டு மடலை முடித்திருக்கிறார்.

ஆம் என்றோ, இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. மடலைப் படித்து முடித்ததும் நம் நினைவுக்கு வந்தது ஒரு பழஞ்சொல்: தீவாந்தரம். இக்காலத்துப் பிள்ளைகள் அச்சொல்லை அறியமாட்டார்கள். குற்றவாளியைக் கடல் கடத்தித் தொலைதூரத்துத் தீவில் கொண்டுபோய் விடும் தண்டனைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அத்தண்டனையின் வரலாற்றைச் சற்றே கூறிய பின்னர் சகோதரியின் கேள்விக்குத் திரும்புவோம். சுற்றுவழி போலத் தோன்றினாலும் வழி தவறாது என்று நம்புகிறோம்.

தொலைவே தண்டனை

தொலைவையே தண்டனையாக்கிய நாடுகளுள் இங்கிலாந்து முதன்மையானது. 1718ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி அந்நாடு தன் குற்றவாளிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 50,000 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். அமெரிக்கர் விடுதலைப் போரில் இறங்கியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. போக்கிடமற்ற கைதிகளைத் தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டிருந்த பழங்கப்பல்களில் 1776 முதல் அடைத்துவைத்தனர். அவையும் நிரம்பி வழிந்தன. அப்பொழுதுதான் ஆட்சியாளரின் பார்வை, கேப்டன் குக் 1770இல் கண்டு வந்த ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைமீது விழுந்தது.

1787 மே 13ஆம் நாள் ஆர்தர் பிலிப் என்னும் கடற்படை அதிகாரியின் தலைமையில் 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தினின்று புறப்பட்டன. அவற்றில் ஆணும் பெண்ணுமாக 700க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். டெனரீஃப், ரியோ டி ஜெனீரோ, நன்னம்பிக்கை முனை என உலகின் பாதியைச் சுற்றிக்கொண்டு, எட்டு மாதங்களுக்குப் பின் 1788 ஜனவரி 26ஆம் நாள் சிட்னி வளைகுடாவில் கரையிறங்கினர். அன்று தொடங்கிய இந்த அனுப்புகை 80 ஆண்டுகள் நீடித்தது. 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டில் துறைமுகத்தை அடைந்த கப்பலே கடைசிக் கப்பல். இடைப்பட்ட காலத்தில் அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களுள் சுமார் 25,000 பேர் பெண்கள்.

இவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலோர் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். துணியையோ, கரண்டியையோ, ஆட்டையோ திருடியவர்களும் அவர்களுள் உண்டு. 1834இல் டால்பட்டில் என்னும் சிற்றூரின் உழவுத் தொழிலாளர் அறுவர், கூலிக் குறைப்பை எதிர்க்கச் சங்கம் அமைத்து உறுதிமொழி எடுத்துக்கொண்டதற்காக ஏழாண்டுத் தண்டனை பெற்றுக் கடல் கடத்தப்பட்டனர். நாடெங்கும் எழுந்த கண்டனத்திற்குப் பணிந்து 1836இல் அரசு அவர்களுக்கு மன்னிப்பளித்தது.

தண்டனைக் காலம் பொதுவாக ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு, அல்லது ஆயுள். ஏழு ஆண்டு என்று தீர்ப்புக் கூறிய நீதிபதி ஒன்றைக் கூறாமல் விட்டார். தண்டனை முடிந்தவன் ஊர் திரும்ப வேண்டுமானால் கப்பற்கூலியை அவனே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அது. கையில் காசற்ற ஏழைக்கு அது எங்ஙனம் இயலும்? ஆகவே தாளில் ஏழு ஆண்டாக இருந்தது வாழ்வில் ஆயுள் தண்டனையாயிற்று. தாயின் முகத்தையோ, மனைவி மக்களையோ மீண்டும் காணாமலே மண்ணுக்குள் போனவர் எண்ணற்றோர்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. ஆளில்லா நாடென்று எண்ணிக் குற்றவாளிகளைக் கொண்டுபோய் விட்ட அம்மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்துவந்தனர். அவர்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. 1789இல் பரவிய பெரியம்மையினால் சிட்னியைச் சுற்றிலும் அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். நமக்கு வேண்டாததை நம் கண்ணுக்கு மறைவான இடத்தில் கொட்டுகிறோம். அவ்விடம் வேறொருவரின் வீட்டு வாசலாக இருக்கிறது.

தலைக்கு இவ்வளவு

1790இல் சென்ற இரண்டாம் கப்பல் தொகுதியின் கதை நெஞ்சை உருக்குவது. கைதிகளைக் கொண்டுசெல்லும் பொறுப்பு, அடிமை வாணிகத்தில் பழகிய ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தலைக்கு 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ் கூலி. அது கப்பலில் ஏற்றிய தலைக்குத்தான், உயிருடன் இறக்கிய தலைக்கு அன்று! விளைவு என்ன? கைதிகளைச் சங்கிலியோடு அடித்தளத்தில் அடைத்தனர். உணவைக் குறைத்தனர். ஏறத்தாழ 1,000 கைதிகளுள் கால்பங்கினர் வழியிலேயே மாண்டனர். ‘நெப்டியூன்’ என்ற ஒரு கப்பலில் மட்டும் 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பக்கத்தில் கிடந்தவன் இறந்ததை அவன் பங்கு உணவுக்காக மறைத்து, பிணத்தோடு படுத்திருந்தவர்களும் உண்டு என்று கரையில் அவர்களை எதிர்கொண்ட ஆங்கிலத் திருச்சபைக் குரு எழுதிவைத்துள்ளார்.

பின்னர் அரசு விழித்துக்கொண்டது. உயிருடன் கரை சேர்ப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி என்றாக்கியது. 1815 முதல் ஒவ்வொரு கப்பலிலும் மருத்துவர் ஒருவரைக் கண்காணிப்பாளராக அமர்த்தியது. நூற்றுக்கு இருபத்தைந்தாக இருந்த சாவு நூற்றுக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது. கடலும் மாறவில்லை, கைதிகளும் மாறவில்லை. கரை சேரும் மனிதனைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஒருவனை அனுப்பிய பின்னர் அவன் என்ன ஆனான் என்று கேட்க ஓர் ஆள் இருப்பது எத்துணைப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது!

குருவற்ற மந்தை

கடத்தப்பட்டவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் அயர்லாந்து நாட்டவர். அவர்களுள் மிகப் பலர் கத்தோலிக்கர். அவர்களுக்கெனக் குரு ஒருவரும் அனுப்பப்படவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டிற்கு அவர்களும் சென்றாக வேண்டும். மறுப்பவர்களுக்குத் தண்டனை காத்திருந்தது. அக்குடியேற்றத்தில் முதன்முதல் வந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குருக்களும் கைதிகளாகவே வந்தனர். 1798ஆம் ஆண்டின் அயர்லாந்துக் கிளர்ச்சியில் தொடர்புடையவர்கள் எனக் கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்ட மூவர் அவர்கள். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் டிக்ஸன் அடிகளார் 1803 மே 15ஆம் நாள் ஆளுநரின் அனுமதியோடு சிட்னியில் திருப்பலி நிறைவேற்றினார். மறு ஆண்டே காசில் ஹில் என்னுமிடத்தில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழவே, அந்த அனுமதி பறிக்கப்பட்டது.

1817இல் ஜெரமையா ஓஃப்ளின் என்னும் குருவானவர் அரசின் இசைவின்றி வந்து சேர்ந்தார். சில மாதங்களில் அவரைப் பிடித்துத் திருப்பியனுப்பிவிட்டனர். போகும் முன் அவர் நற்கருணையை ஓர் இல்லத்தில் விட்டுச் சென்றதாகவும், குருவற்ற அந்நாள்களில் விடுதலை பெற்ற கைதிகளும் பிறரும் அவ்வீட்டில் கூடிச் செபித்து வந்ததாகவும் சிட்னி மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். 1820 மே மாதத்தில்தான் தெர்ரி, கானலி என்ற இரு குருக்கள் அரசின் இசைவோடு வந்திறங்கினர்.

நார்ஃபோக் தீவில் ஒரு நாள்

சிட்னிக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் பெருங்கடலின் நடுவே நார்ஃபோக் என்று ஒரு சிறு தீவு உள்ளது. எட்டுக் கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். வானளாவும் ஊசியிலை மரங்களும் நீலக் கடலும் சூழ்ந்த அழகிய நிலம். கடத்தப்பட்ட நாட்டில் மீண்டும் குற்றம் புரிந்தவர்களை அடைக்கும் இடமாக 1825 முதல் இத்தீவு பயன்பட்டது. மரணத்திற்கு அடுத்த நிலையிலுள்ள தண்டனை இதுவே என்பது ஆட்சியாளரின் கொள்கை. கசையடியும் கால்விலங்கும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள்.

1834 ஜனவரியில் அங்குள்ள கைதிகள் கலகம் செய்தனர். கலகம் ஒடுக்கப்பட்டது. பலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இறுதி முடிவு சிட்னியிலிருந்து வர மாதக்கணக்கில் ஆயிற்று. அம்முடிவு வந்த கப்பலில் வில்லியம் அல்லத்தோர்ன் என்னும் இளங்குருவும் வந்தார். இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதில் கப்பலில் வேலை செய்து, பின்னர் புனித ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்து குருவானவர். 1833இல் சிட்னிக்கு வந்தபோது அவருக்கு வயது 26.

யார் யார் சாகப்போகிறார்கள், யார் யாருக்குத் தண்டனை குறைக்கப்பட்டது என்பது சிறையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கும் பொறுப்பு இளங்குருவின்மீது விழுந்தது. நெருக்கமும் நாற்றமும் நிறைந்த அந்த அறைக்குள் அவர் நுழைந்தார். அங்கு அவர் கண்டது வாழ்நாள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை. சாவு உறுதி என்று அறிந்தவர்கள் ஒவ்வொருவராக முழந்தாளிட்டு, கண்ணில் நீரின்றி, இவ்விடத்தினின்று விடுவிக்கிறாயே என்று இறைவனுக்கு நன்றி கூறினர். உயிர்ப்பிச்சை பெற்றவர்களோ நின்றவாறே கதறி அழுதனர்.

வாசகர்களே, இக்காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மனிதன் இயல்பாக வாழ விரும்புகிறவன். உயிர் கிடைத்ததற்காக ஒருவன் அழுகிறான் என்றால், அவனிடமிருந்து நாம் எதைப் பறித்துவிட்டோம்? உணவையா, உடையையா? இல்லை. ‘என்றேனும் ஒருநாள்’ என்னும் நம்பிக்கையைப் பறித்துவிட்டோம். பதின்மூவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைச் சாவுக்கு ஆயத்தப்படுத்தி, இறுதிவரை உடனிருந்தார் அல்லத்தோர்ன் அடிகளார்.

அவர் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1838இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அமைத்திருந்த மோல்ஸ்வொர்த் குழுவின்முன் சாட்சி கூறினார். அயர்லாந்து அரசின் உயர் அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, நாடுகடத்தலின் கொடுமைகளை எளிய மக்களுக்கு விளக்கும் சிறு நூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார். கடத்தப்பட்ட சிலர் செல்வராயினர் என்று கேள்விப்பட்டு, அங்கே போவதே நல்வாழ்வு என்று ஏழைகள் எண்ணிய காலம் அது.

அவர் சிட்னிக்குத் திரும்பியபோது அவரை வரவேற்றது பாராட்டன்று, வசைமாரியே. பத்திரிகைகள் அவரைத் தூற்றின. கூலியில்லாக் கைதிகளைக் கொண்டு பண்ணை நடத்திவந்த செல்வர்களுக்கு அவர்மீது சினம். தண்டனை முடிந்து கௌரவமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கோ, மறந்துபோகட்டும் என்றிருந்ததைக் கிளறிவிட்டாரே என்ற மனத்தாங்கல். பின்னவர்களின் மனவேதனையை நாமும் உணர்கிறோம். எனினும் மூடி வைத்த புண் ஆறுவதில்லையே! மோல்ஸ்வொர்த் குழு, இத்தண்டனை குற்றத்தைக் குறைக்கவில்லை, மனிதரைக் கெடுக்கவே செய்கிறது என்று முடிவு கூறியது. 1840இல் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்குக் கைதிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. அல்லத்தோர்ன் அடிகளார் பின்னர் பர்மிங்ஹாம் ஆயராகி 1889இல் இறைவனடி சேர்ந்தார்.

கதவைத் திறந்த தளபதி

அதே 1840இல் அதே நார்ஃபோக் தீவுக்கு அலெக்ஸாண்டர் மக்கோனக்கி என்னும் கடற்படைக் கேப்டன் தலைவராக வந்தார். நெப்போலியன் காலத்துப் போரில் பகைவரிடம் சிக்கித் தாமே கைதியாக இருந்தவர். சிறையின் சுவை அவருக்குத் தெரியும். குற்றவாளிக்கு இத்தனை ஆண்டு என்று காலத்தைத் தண்டனையாக்காமல், இத்தனை மதிப்பெண் என்று கடமையைத் தண்டனையாக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நேர்மையாக உழைத்தால் மதிப்பெண் கூடும். தவறு செய்தால் குறையும். அவனவன் விடுதலைக்கான திறவுகோல் அவனவன் கையிலேயே இருக்கும். தூக்குமரத்தை அகற்றினார். வழிபாட்டிடங்களும் பள்ளியும் அமைத்தார். தோட்டம் போடச் சிறு நிலம் கொடுத்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் விக்டோரியா அரசியின் பிறந்த நாளன்று, சிறைக் கதவுகளைத் திறந்து, ஏறத்தாழ 1,800 கைதிகளையும் தீவெங்கும் உலவவிட்டார். விருந்து, நாடகம், வாணவேடிக்கை அனைத்தும் நடந்தன. அந்தி சாய்ந்து எக்காளம் ஊதியதும் கைதிகள் தாமாகவே தத்தம் இடத்திற்குத் திரும்பினர். அசம்பாவிதம் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் செய்தி சிட்னிக்கும் லண்டனுக்கும் எட்டியபோது, ‘குற்றவாளிகளுக்கு விருந்தா?’ என்று மேலிடத்தார் கொதித்தனர். அவரை அழைத்துக்கொள்ள முடிவு செய்தனர். 1844இல் அவர் தீவை விட்டுச் சென்றார். தம்மிடமிருந்து விடுதலையானவர்களுள் மிகச் சிலரே மீண்டும் குற்றம் புரிந்தனர் என்று அவர் பதிவு செய்துள்ளார்.

அவருக்குப் பின் பழைய கொடுமைகள் திரும்பின. 1846இல் மீண்டும் கலகம், மீண்டும் தூக்குமரம். ஹோபார்ட் நகரின் முதல் கத்தோலிக்க ஆயரான ராபர்ட் வில்ஸன் மும்முறை அத்தீவுக்குச் சென்று, கண்டவற்றை அரசுக்கு அஞ்சாது எடுத்துரைத்து, அதை மூட வேண்டுமென வற்புறுத்தினார். இறுதியில் அச்சிறைக் குடியிருப்பு மூடப்பட்டது. 1856இல் வேறொரு தீவிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே குடியேறின.

நம் கரையிலிருந்தும்

இது யாரோ வெள்ளையர் கதை என்று எண்ண வேண்டாம். சிவகங்கையில் மருது சகோதரரின் போர் ஒடுக்கப்பட்ட பின்னர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தியது ஆங்கிலக் கும்பினி. சென்னை மாகாணத்துக் கைதிகள் சிங்கப்பூருக்கும் சென்றனர். அந்நகரில் இன்றும் வெண்மையாய் ஒளிரும் புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சுண்ணாம்பை அதன் சுவர்களுக்குப் பூசினார்கள். 1858 முதல் அந்தமான் தீவுகள் நம் நாட்டுக் கைதிகளின் தீவாந்தரமாயின. விடுதலை பெற்ற இந்தியா 1955இல் சட்டம் இயற்றித் தீவாந்தரத் தண்டனையை ஏட்டிலிருந்தே அகற்றி, அதனிடத்தில் ஆயுள் சிறை என்று எழுதியது.

இன்னொரு தொடர்பும் உண்டு. கும்பினிப் படையின் அதிகாரி ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த கரோலின் சிஷோம் என்னும் கத்தோலிக்கப் பெண்மணி, 1834இல் இங்கே படைவீரர்களின் பெண்மக்களுக்குத் தொழிற்பள்ளி ஒன்றை நிறுவினார். 1838இல் சிட்னிக்குச் சென்று, கப்பலில் வந்திறங்கி ஆதரவின்றித் தெருவில் நின்ற பெண்களுக்குத் தங்குமிடமும் வேலையும் தேடித் தந்தார். பின்னர் லண்டனுக்குச் சென்று, தண்டனை முடிந்தவர்களின் மனைவி மக்களை அரசின் செலவிலேயே அவர்களிடம் அனுப்பிவைக்கப் போராடி, அதில் வெற்றியும் கண்டார். குடும்பத்தோடு சேர்ந்தவனே நாட்டுக்கு நல்ல குடிமகனாவான் என்பது அந்த அம்மையார் கண்ட உண்மை. எல்லாரும் பிரித்து அனுப்பிய காலத்தில் சேர்த்து வைக்கக் கப்பல் தேடிய தாய் அவர்.

கடத்தப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? கெட்டழிந்தவர் பலர், நிமிர்ந்து எழுந்தவரும் பலர். பத்திரத்தில் பொய்யெழுத்திட்ட குற்றத்திற்காக அனுப்பப்பட்ட ஃபிரான்சிஸ் கிரீன்வே, சிட்னியின் புகழ்பெற்ற கட்டடங்களை எழுப்பிய சிற்பியானார். பின்னாளில் ஆஸ்திரேலிய அரசு பத்து டாலர் தாளில் அவருடைய உருவத்தை அச்சிட்டது. பொய்ப்பத்திரம் எழுதியவரின் முகம் பணத்தாளில்! குதிரை திருடிய குற்றத்திற்காகச் சிறுமியாக இருந்தபோது தண்டிக்கப்பட்ட மேரி ரெய்பி, பெருவணிகராய் உயர்ந்தார். 1994 முதல் இருபது டாலர் தாளில் அவர் முகம் விளங்குகிறது. எனினும் ‘கைதியின் பேரன்’ என்ற சொல்லுக்கு அஞ்சிப் பல தலைமுறையினர் தம் முன்னோரை மறைத்தே வாழ்ந்தனர். இன்றோ அவர்களின் பேரப்பிள்ளைகள் பழைய கப்பற் பதிவேடுகளில் பாட்டன் பெயரைத் தேடி அலைகிறார்கள். 2010இல் அக்கைதிகள் வாழ்ந்த 11 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

மடலுக்கு மறுமொழி

சகோதரி, இனி தங்கள் கேள்விக்கு வருவோம்.

தங்கள் கணவரை நாம் குறை கூறவில்லை. பெண்ணைப் பெற்றவரின் கவலை எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஊராரின் நாக்கு எத்துணைக் கூர்மையானது என்பதையும் அறிவோம். ஆனால் நீதிமன்றம் தங்கள் தம்பிக்கு விதித்தது ஏழு ஆண்டுகள். அது முடிந்துவிட்டது. இப்போது வீட்டார் எண்ணுவது இன்னொரு தண்டனை. அதற்குக் காலவரையறை இல்லை. அரசாங்கமே ஏட்டிலிருந்து அகற்றிவிட்ட தீவாந்தரத்தை நாம் நம் வீட்டு முற்றத்தில் மீண்டும் எழுதலாமா?

அவர் வடக்கே போகவே கூடாது என்று நாம் கூறவில்லை. தானாக விரும்பிப் பிழைப்புத் தேடிப் போவது வேறு, வாசற்படி மிதிக்காதே என்று அனுப்பப்படுவது வேறு. முதலில் அவர் வீட்டுக்கு வரட்டும். தாயின் கையால் ஒருவேளை சோறு உண்ணட்டும். பிறகு எங்கே வேலை செய்வது என்பதை அனைவரும் அமர்ந்து பேசலாம். போனாலும், திருநாளுக்கும் திருமணத்திற்கும் திரும்பி வரும் வழி திறந்தே இருக்க வேண்டும்.

சம்பந்தம் பேச வருவோரிடம் உண்மையை நீங்களே முதலில் கூறிவிடுங்கள். மறைத்துச் செய்த திருமணத்தில், பின்னாளில் அது வெளிப்படும்போது, துன்பப்படப்போவது மகளே. உண்மை கேட்டு விலகுகிறவர்கள் விலகட்டும். கேட்டும் நிற்கிறவர்கள் வீட்டில்தான் பெண் நலமாக இருப்பாள். இதனால் சில காலம் தாமதம் ஆகலாம். ஆகாது என்று பொய் சொல்ல நமக்கு மனமில்லை.

தம்பிக்கும் கடமை உண்டு. அவரால் தீங்குற்ற குடும்பம் ஒன்று இருக்கிறதன்றோ! அவர்களுடைய ஏழு ஆண்டுகளும் கழிந்திருக்கின்றன. பங்குத் தந்தையையோ, ஊரில் இருசாராரும் மதிக்கும் பெரியவர் ஒருவரையோ கொண்டு, அவர்களுக்கு விருப்பமானால், மன்னிப்புக் கேட்க முயலட்டும். அவர்கள் மறுத்தால் அதையும் பொறுமையோடு ஏற்கட்டும். வீட்டில் அவர்மீது ஒரே நாளில் முழு நம்பிக்கை வைக்க வேண்டும் என்பதில்லை. மக்கோனக்கி செய்ததுபோலச் சிறுசிறு பொறுப்பாகக் கொடுங்கள். ஒவ்வொன்றாக நிறைவேற்றி, இழந்த மதிப்பெண்களை அவரே ஈட்டிக்கொள்ளட்டும்.

இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போகும் கேள்விகளுள் சிறையில் இருந்தவனைப் பற்றியதும் ஒன்று என்பதை நாம் எல்லாரும் மறையுரையில் கேட்டிருக்கிறோம். சிறையில் சென்று பார்க்க இயலாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. வெளிவந்தவனை வாசலில் நின்று எதிர்கொள்வது.

நார்ஃபோக் தீவில் உயிர் பிழைத்தவர்கள் ஏன் அழுதார்கள் என்பதை மறவாதீர்கள். அவர்களுக்காக எங்கும் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. தங்கள் தம்பிக்கு ஒரு கதவு இருக்கிறது, அதன் தாழ்ப்பாள் தங்கள் கையில் இருக்கிறது. அடுத்த திங்களில் அவர் வரும் நாளன்று, அம்மாவை வாசல் திண்ணையில் அமரச் செய்யுங்கள். மற்றவற்றை அதன் பின் பார்த்துக்கொள்ளலாம்.